பஸ்ஸுக்கும் மேடைக்கும் நடுவே

2007-இல் அகமதாபாத்துக்கு வேலைக்குப் போனபோது எனக்குத் தெரிந்த குஜராத்தி 'கேம் சோ' (எப்படி இருக்கிறீர்கள்) ஒன்றுதான். திருநெல்வேலியில் சிவில் படித்துவிட்டு, சாலைப் போக்குவரத்தில் மேற்படிப்பு முடித்த கையோடு ஓர் ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். நகரத்துக்குள் பஸ்களுக்கென்று தனித் தடம் போடும் திட்டம் அப்போது காகிதத்திலிருந்து மண்ணுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. ஊரில் எல்லோருக்கும் அது 'பிஆர்டிஎஸ்', அதாவது பஸ் விரைவுப் போக்குவரத்து முறை. பிறகு 'ஜன்மார்க்' என்று பெயர் வைத்தார்கள். மக்கள் வழி என்று பொருள். அந்த ஊரின் செப்ட் பல்கலைக்கழகம் திட்டமிட்டது, மாநகராட்சி நடத்தியது. நடுவே எங்களைப் போன்ற சிறு குழுக்களுக்கும் கொஞ்சம் வேலை இருந்தது. என் பங்குக்கு வந்தவை நிலையத்தின் மேடை, அதில் ஏறும் சரிவு, அங்கே வந்துசேர மக்கள் சாலையைக் கடக்கும் இடம் ஆகிய மூன்றும்.

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் தடத்தின் அகலம் எவ்வளவு, கிலோமீட்டருக்கு என்ன செலவு என்றுதான் கேட்கிறார்கள். என் இரண்டு வருடமோ பஸ்ஸின் வாசலுக்கும் மேடையின் விளிம்புக்கும் நடுவே உள்ள ஒரு சாண் இடத்தில் கழிந்தது. அதைத்தான் இங்கே விரிவாகச் சொல்ல முடியும்.

முதல் தடம் பெரும்பகுதியும் 132 அடி வளையச்சாலையில் வந்தது. 132 அடி என்றால் 40 மீட்டர். கேட்க அகலமாகத்தான் இருக்கும். பஸ்ஸுக்குப் போக ஒன்று, வர ஒன்று என்று 3.5 மீட்டரில் இரண்டு தடம், நடுவில் நிலையத்துக்கு 4 மீட்டர் என்று கோடு போட்டுப் பாருங்கள். மீதி 29 மீட்டர், பக்கத்துக்கு 14.5. கார், ஸ்கூட்டர், ஆட்டோ, சைக்கிள், நடப்பவர், கடை வாசலில் நிற்கும் வண்டி என்று எல்லாவற்றுக்கும் அதற்குள்தான் இடம் பார்க்க வேண்டும். நிலையத்தில் அரை மீட்டர் கூடுதலாகக் கேட்டால், அதை நடைபாதையிலிருந்து வெட்டித்தான் தருவார்கள். எங்கள் குழுவில் நான் அதிகம் சண்டை போட்டது இந்த அரை மீட்டர்களுக்காகத்தான்.

அகமதாபாத் எடுத்த முடிவுகளில் எனக்கு இன்றும் மதிப்பு குறையாத ஒன்று, பஸ்ஸின் கதவை வலப்பக்கம் வைத்தது. சாலை நடுவில் ஒரே மேடை. போகிற பஸ்ஸும் வருகிற பஸ்ஸும் அதன் இரு பக்கமும் வந்து நிற்கும். டெல்லியில் அப்படி இல்லை. அங்கே 2008 ஏப்ரலில் அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டர் திறந்தார்கள். திறந்த சில வாரங்களில் நாங்கள் போய்ப் பார்த்தோம். சாதாரண டவுன் பஸ்கள் எல்லாமே தடத்துக்குள் வரலாம், இடப்பக்கக் கதவு, ஒவ்வொரு திசைக்கும் தனி மேடை. நிறுத்தங்கள் சிக்னலை ஒட்டி இருந்தன. நாங்கள் நின்ற நேரத்தில் சிக்னல் விழுவதற்குள் பின்னால் ஐந்தாறு பஸ்கள் சேர்ந்துவிட்டன. ஜனங்கள் தங்கள் பஸ் எது என்று பார்த்துத் தடத்துக்குள்ளேயே ஓடினார்கள். பக்கத்துத் தடத்தில் காருக்குள் இருந்தவர்களின் கோபம் அன்றே தெரிந்தது. 2016-இல் அதை எடுத்தேவிட்டார்கள். ஆனால் டெல்லித் தடத்தில் நல்லதும் இருந்தது. நடக்கிறவருக்கும் சைக்கிளுக்கும் அங்கே கொடுத்த இடத்தை நான் வேறு எங்கும் அதுவரை பார்த்ததில்லை. 

வலப்பக்கக் கதவில் இன்னொரு லாபம் இருக்கிறது. அதைப் பிறகுதான் உணர்ந்தேன். நம் நாட்டில் டிரைவர் உட்காருவது வலப்பக்கம். மேடையும் வலப்பக்கம் என்றால், மேடையின் விளிம்பு அவர் ஜன்னலுக்கு நேர் கீழே தெரியும். ஒட்டி நிறுத்த அவருக்குக் கண்ணாடி தேவையில்லை, கண்ணே போதும்.

மேடையின் உயரம் 900 மில்லிமீட்டர். பஸ்ஸின் தளமும் அதே உயரம். அந்த உயரத்தில் சக்கரமெல்லாம் தளத்துக்குக் கீழே அடங்கிவிடும், உள்ளே முன்னிருந்து பின்வரை ஒரே சமம். தாழ்தள பஸ் என்றால் தளத்தின் உயரம் 400 மில்லிமீட்டரைச் சுற்றி வரும். விலை கூடுதல், உள்ளே சக்கரத்துக்கு மேல் திட்டு இருக்கும். கூட்டத்தில் இதைச் சொல்லி முடிவெடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். சரிவு என் மேசைக்கு வந்தது. சக்கர நாற்காலி ஏற வேண்டுமானால் 12-க்கு 1 என்ற சரிவு வேண்டும். 900 மில்லிமீட்டர் ஏற 10.8 மீட்டர் நீளம். 400 ஆக இருந்திருந்தால் 4.8 மீட்டரில் முடிந்திருக்கும். இத்தனை நீளத்துக்கு நடுவே ஓய்வாக நிற்க 1.5 மீட்டர் சமதளமும் சேர்த்தால் 12 மீட்டரைத் தாண்டிவிடும், அதாவது ஒரு முழு பஸ்ஸின் நீளம். சரிவு நீண்டால் சாலை கடக்கும் இடம் தள்ளிப்போகும், அது தள்ளினால் ஜங்ஷன் சிக்னலோடு அதற்குள்ள தொடர்பு மாறும். பஸ் வாங்குகிற அறையில் பேசிய ஒரு எண் தெருவில் இவ்வளவு தூரம் இழுக்கிறது.

ஒரு காலி மனையில் செங்கல் அடுக்கி, மேலே பிளைவுட் போட்டு, மேடையின் ஒரு துண்டை நிஜ அளவில் கட்டினோம். தானாகத் திறக்கும் கதவுகள் வரப்போகும் சுவரை மரச்சட்டத்தில் நிறுத்தினேன். என் வரைபடத்தில் அந்தச் சுவர் மேடையின் விளிம்போடு விளிம்பாக இருந்தது. ஆள் விழ இடமே இல்லை என்று எனக்குத் திருப்தி. சோதனைக்கு வந்த டிரைவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நாங்கள் எல்லோரும் காகா என்று கூப்பிட்டோம்; குஜராத்தியில் சித்தப்பா. அவர் பஸ்ஸை மெதுவாகக் கொண்டுவந்து, மேடைக்கு இரண்டு அடி தள்ளியே நிறுத்தினார்.

"காகா, இன்னும் கொஞ்சம் ஒட்டி வாங்க" என்றேன்.

"பென், நான் வரேன். என் கண்ணாடி எங்கே போகும்?" என்றார்.

அங்கே பெண்களை எல்லோரும் 'பென்' என்றுதான் அழைப்பார்கள்; சகோதரி என்று அர்த்தம். இறங்கிப்போய்ப் பார்த்தேன். டிரைவர் பக்கத்துப் பெரிய கண்ணாடி பஸ்ஸின் உடலைத் தாண்டி ஒரு சாணுக்கு நீட்டிக்கொண்டிருந்தது. தரையிலிருந்து பார்த்தால் அது உயரத்தில் இருக்கிறது. மேடையில் ஏறி நின்றால் என் தோள் மட்டத்துக்கு வருகிறது. பஸ் ஒட்டி வந்தால் முதலில் என் சுவரை உடைக்கும். சுவர் இல்லாவிட்டால் விளிம்பில் நிற்பவரின் தலையில் அடிக்கும். பஸ்ஸின் அகலத்தை நான் வரைந்திருந்தேன், கண்ணாடியை வரையவில்லை. அன்று இரவு அறைக்கு வந்தபிறகு சாப்பிட முடியவில்லை.

சுவரை உள்ளே தள்ளினால் தீரும். ஆனால் எவ்வளவு உள்ளே தள்ளுகிறோமோ அவ்வளவு அகலத்துக்கு, கதவுக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு திட்டு உருவாகிறது. கதவு மூடும்போது ஒரு குழந்தை அந்தத் திட்டில் நின்றுவிட்டால்? கண்ணாடியின் கையைச் சுருக்கி, மேலே தூக்கிப் பொருத்தச் சொல்லி பஸ் கட்டுபவர்களிடம் பேசினோம். சுவரைக் குறைந்த அளவு மட்டும் பின்னுக்கு எடுத்தேன். விளிம்பில் ரப்பர் வைத்தோம், பஸ்ஸின் உடல் உரசினாலும் டிரைவர் பயப்படாமல் இருக்க. மேடைக்கு முன்னால் சாலை நேராக ஓட வேண்டும் என்பதையும் காகாதான் புரியவைத்தார். வளைவிலிருந்து வந்த வேகத்தில் நிறுத்தினால் முன்கதவு ஒட்டும், பின்கதவு விலகி நிற்கும்.

நான் டேப்பை வைத்து இடைவெளியை அளந்து எழுதிக்கொண்டிருந்தேன். காகா வேறு அளவுகோல் சொன்னார். "ஏறுகிறவர் குனிந்து பார்க்கிறாரா என்று பாருங்கள், பென். குனிந்தால் இடைவெளி அதிகம்." அதற்குப் பிறகு நான் தலைகளைத்தான் எண்ணினேன். எங்கள் ஆட்களையே மாற்றி மாற்றி ஏறவிட்டதில், பத்து சென்டிமீட்டருக்குள் இருந்தால் யாரும் குனிவதில்லை. பதினைந்தைத் தாண்டினால் எல்லோரும் குனிந்தார்கள், இளவட்டங்கள் உட்பட. குனிகிற ஒவ்வொருவரும் ஒரு நொடி எடுக்கிறார்கள். முப்பது பேர் ஏறி இறங்கினால் அது அரை நிமிடம்.

அந்த அரை நிமிடம் சாதாரணமானதில்லை. எங்கள் தடத்தில் முந்திச்செல்ல இடம் கிடையாது. ஒரு பஸ் நின்றால் பின்னால் வருவது நின்றே ஆகவேண்டும். கொலம்பியாவின் தலைநகர் போகோட்டாவில் இதே மாதிரி ஓடும் டிரான்ஸ்மிலேனியோ பஸ் தடத்தில் நிலையத்துக்கு அருகே கூடுதல் தடம் விட்டிருக்கிறார்கள், நமக்கு அந்த அகலம் இல்லை. நிமிடத்துக்கு ஒரு பஸ், ஒவ்வொன்றும் 20 நொடி நிற்கிறது என்றால் நிலையம் மூன்றில் ஒரு பங்கு நேரம் நிரம்பியிருக்கும். 40 சதவீதத்தைத் தாண்டினால் வரிசை சேரத் தொடங்கும் என்பது எங்கள் துறையில் வைத்திருக்கும் கணக்கு. டிக்கெட்டை மேடைக்கு வருமுன்பே வாங்க வைப்பதும், படியே இல்லாமல் செய்வதும் அந்த 20 நொடியைக் காப்பாற்றத்தான்.

உயரத்திலும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. பஸ் தினமும் ஒரே இடத்தில் பிரேக் போட்டு நின்றால், வெயிலில் இளகிய தார் தள்ளிக்கொண்டு போய்ச் சக்கரத்தடம் பள்ளமாகும். பஸ் தாழும், மேடை உயரும். நேர்மாறாக, பராமரிப்பு என்று பழைய தாருக்கு மேலேயே புதுத் தார் போட்டால் பஸ் உயர்ந்துவிடும். நிலையத்தின் முன் கான்கிரீட் போட வேண்டும் என்று ஒவ்வொரு தாளிலும் சிவப்பில் எழுதினேன். ஓர் ஒப்பந்தக்காரர் தாரையே நீட்டித்துப் போடலாமே என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் மறுத்தேன். கூட்டம் ஏற ஏறப் பஸ்ஸும் அமுங்கும் என்பதால், காற்றடைத்த பைகள் தளத்தை ஒரே உயரத்தில் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தேன்.

மழைநீர், மேன்ஹோல், மின்கம்பம் ஆகியவற்றைப் பற்றிச் சொல்லப் போனால் தனிக் கதை. நடு மேடை என்பது சாலையின் நீளவாக்கில் கட்டிய வரப்பு மாதிரி, தண்ணீர் அதன் ஓரத்தில் தேங்கும் என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள்.

தொடங்குமுன் சில மாதம் கட்டணமில்லாமல் பஸ் ஓட்டினார்கள். அந்த நாட்களில் நோட்டும் பேனாவுமாக ஒரு நிலையத்தில் போய் நிற்பேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காய்கறிப் பையோடு வந்த ஒரு பாட்டி சரிவின் நடுவே உள்ள சமதளத்தில் பையை வைத்து மூச்சு வாங்கினார். செலவைக் குறைக்க நீக்கிவிடலாமா என்று பேசிய இடம் அது. பஸ் வந்தது. அவர் குனியவில்லை, கூட வந்த பேத்தியிடம் எதையோ சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டார். நோட்டின் அந்தப் பக்கத்தில் மட்டும் எண்ணுவதை விட்டுவிட்டேன், எழுத முடியாமல் கண் கலங்கியிருந்தது.

ஆனால் அதே நோட்டின் அடுத்த பக்கங்கள் வேறு மாதிரி. நடைபாதைக்கும் மேடைக்கும் நடுவே வாகனத் தடத்தைக் கடக்க, சாலையைச் சற்று உயர்த்திக் கோடு போட்டிருந்தோம். வண்டிகள் வேகம் குறைத்தன, நிற்கவில்லை. ஏழெட்டு மீட்டர் கடக்க ஆரோக்கியமானவருக்கு ஆறேழு நொடி போதும். அந்த ஆறேழு நொடி கிடைப்பதற்காக இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் நின்றவர்களை வரிசையாக எழுதிவைத்திருக்கிறேன். ஒரு பஸ் போய், அடுத்த பஸ்ஸும் போயிருக்கும். மேடையில் ஒரு நொடியை மிச்சம் பிடிக்க இரண்டு வருடம் உழைத்தேன். சாலையோரத்தில் அவர்கள் மூன்று நிமிடத்தை இழந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கடப்பிடத்தை வரைந்ததும் நான்தான். அழுத்தினால் சிவப்பு விழும் சிக்னல் ஒவ்வொரு நிலையத்துக்கும் வேண்டும் என்று நான் இன்னும் உறுதியாக நின்றிருக்க வேண்டும்.

2009 அக்டோபர் 14 அன்று ஆர்டிஓ முதல் பிரானா வரை 12.5 கிலோமீட்டர் முறையாகத் திறந்தது. அதற்குப் பிறகு வேறு நகரங்களுக்கும் வரைந்தேன். இப்போது என் முதல் கோடு எதிர்ப்பக்க நடைபாதையில், ஒரு கடை வாசலில் தொடங்குகிறது. அங்கிருந்து சாலையைக் கடந்து, சரிவில் ஏறி, மேடைக்கு வந்தபிறகுதான் பஸ்ஸை வரைகிறேன், வலப்பக்கக் கண்ணாடியோடு.