இடக்கைக்காரன் மவுஸ் வாங்கிய கதை

ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை அழுத்தியதாக என் மவுஸ் எடுத்துக்கொள்ளத் தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. ஒரு விண்டோவை மூடினால் அதற்குப் பின்னால் இருந்ததும் சேர்ந்து மூடிக்கொண்டது. ஒரு ஃபைலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனால், அது பாதி வழியில் நழுவி, எதிர்ப்பட்ட ஃபோல்டருக்குள் விழுந்தது. எனக்குச் சோறு போடுவது மொழிபெயர்ப்பு. மறுநாள் காலையில் அனுப்ப வேண்டிய காப்பீட்டுப் பத்திரத்தின் தமிழாக்கத்தை நள்ளிரவு வரை தேடி, கடைசியில் 'குருவாயூர் படங்கள்' என்ற ஃபோல்டரில் யானைகளுக்கு நடுவே கண்டெடுத்த அன்று, புது மவுஸ் வாங்கியே தீருவது என்று முடிவு செய்தேன்.

நான் இடக்கைக்காரன் என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். சாப்பிடுவது மட்டும் வலக்கையால். அதுவும் சிறு வயதில் அம்மா என் இடக்கையைத் தட்டித் தட்டிப் பழக்கியது. பேனா, கத்திரிக்கோல், மவுஸ் எல்லாம் இடக்கையில்தான். ஆள்காட்டி விரலுக்கு வாகாக இருக்கட்டும் என்று கணினியின் செட்டிங்ஸில் பொத்தான்களை இடம் வலமாக மாற்றி வைத்திருப்பதால், ஊரார் இடப் பொத்தானால் செய்யும் வேலையை நான் வலப் பொத்தானால் செய்கிறேன். "பீச்சாங்கையால எலி பிடிக்கிறவன் உலகத்துலயே நீ ஒருத்தன்தாண்டா" என்பது அம்மாவின் கருத்து.

மாட்டுங்கா ரோடு ஸ்டேஷனில் ஸ்லோ லோக்கல் ஏறி கிராண்ட் ரோடில் இறங்கினால், மும்பையில் கணினிச் சாமான் கடைகள் நிறைந்த லேமிங்டன் ரோடு நடக்கிற தூரம்தான். அதற்கு டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்று பெயர் மாற்றிய பிறகும், 1903 முதல் 1907 வரை பம்பாய் கவர்னராக இருந்த லேமிங்டன் பிரபுவை மும்பைக்காரர்கள் விடுவதாக இல்லை.

முதலில் நுழைந்த கடையில், பழைய மவுசைக் கொடுத்துக் குறையைச் சொன்னேன். கடைக்காரர் அதைத் தம் கணினியில் செருகி, இடப் பொத்தானை இருபது முறை அழுத்திப் பார்த்துவிட்டு, மவுசில் ஒரு குறையும் இல்லை என்று இந்தியில் தீர்ப்பளித்தார். இருக்காதுதான், அது நான் அதிகம் தொடாத பொத்தான். தேய்ந்திருப்பது மற்றது என்றும், நான் இடக்கைக்காரன் என்றும் விளக்கியதும், "அதற்கென்ன, செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளலாமே" என்றார். மாற்றியதால்தான் வலது தேய்ந்தது என்பதை அவருக்குப் புரியவைக்க எனக்கு இந்தி போதவில்லை.

அதன்பின் ஒவ்வொரு மவுசாக எடுத்து வைத்தார். விலை கூடக் கூட அவை வலக்கையின் பக்கம் வளைந்துகொண்டே போயின. கட்டைவிரலுக்கென்று குழி வைத்த ஒன்றை இடக்கையால் பிடித்தபோது, இடக்காலில் வலக்கால் செருப்பை மாட்டியதுபோல் இருந்தது. பக்கவாட்டுப் பொத்தான்கள் மோதிர விரலுக்கு அடியில் வந்துவிட்டதால், நான் பிடியை இறுக்கிய போதெல்லாம் பிரௌசர் முந்தைய பக்கத்துக்குத் திரும்பி ஓடியது. மணிக்கட்டுக்கு நல்லது என்று காட்டிய செங்குத்து மவுஸ், வலக்கை நீட்டியவரிடம் கைகுலுக்கியது. நான் இடக்கையை நீட்டியபோது முதுகைக் காட்டியது. இடக்கைக்கானதை வரவழைத்துத் தரலாம், விலை மட்டும் நான்கு மடங்கு ஆகும் என்றார். வண்ண விளக்குகள் எரியும் கேமிங் மவுஸ் ஒன்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருந்தது. ஆனால் அது 16,000 டிபிஐ. ஓர் அங்குலம் நகர்த்தினால் 16,000 புள்ளிகளை எண்ணும் என்று பொருள். என் திரையின் அகலமே 1,920 புள்ளிதான். ஓர் அங்குலத்தில் எட்டு முறை திரையைக் கடந்து போய் நான் மொழிபெயர்க்க வேண்டியது எதுவும் இல்லை. 1964-ல் டக்ளஸ் எங்கல்பார்ட்டின் யோசனைப்படி பில் இங்கிலிஷ் செய்துகொடுத்த முதல் மவுஸ் ஒரு சின்ன மரப்பெட்டி. அதில் இருந்தது ஒரே ஒரு பொத்தான். இடக்கைக்கு மவுசு இருந்த காலம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு, இரண்டு பக்கமும் ஒத்த வடிவுள்ள, வயர் வைத்த, விளக்கில்லாத ஒன்றை 400 ரூபாய்க்கு வாங்கினேன். அதுவும் பழைய மவுசும் நிறத்தில் மட்டும் வேறுபட்டன.

படியிறங்கி வரும்போது, வாசலருகே ஒரு தம்பி சால்டரிங் அயர்னும் கையுமாக மேசை போட்டு உட்கார்ந்து, போனில் தாராவித் தமிழில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். தமிழைக் கேட்ட தைரியத்தில் பழைய மவுசை அவரிடம் நீட்டினேன். அடியில் ஒட்டியிருந்த வழுக்குத் தாளை நகத்தால் கிளப்பி, ஒளிந்திருந்த திருகைக் கழற்றித் திறந்தார். இரண்டு பொத்தான்களுக்கு அடியிலும் புளியங்கொட்டை அளவில் கறுப்புப் பெட்டி ஒவ்வொன்று. "இதுக்குள்ள சின்னச் செம்புத் தகடு ஒண்ணு இருக்குண்ணே. அது தேஞ்சு தளர்ந்துட்டா, ஒரு தட்டுக்கு ரெண்டு தடவை துள்ளும்" என்றார். இந்தச் சுவிட்சுகள் பலவற்றுக்கு 1 கோடி அழுத்தம்தான் கெடு. நாளொன்றுக்கு 5,000 என்று வைத்தாலும் 2,000 நாளில், அதாவது ஐந்தரை ஆண்டில், தீர்ந்துவிடும். என் மவுசுக்கு வயது ஆறு.

"வலது போச்சு. இடது புதுசாட்டம் இருக்கே, என்னண்ணே?" என்று நிமிர்ந்து பார்த்தவரிடம் கையைக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, இரண்டு சுவிட்சுகளையும் கழற்றி இடம் மாற்றிப் பற்றவைத்தார். கால் மணி நேரம், 100 ரூபாய்.

பழையது சரியாகிவிட்டதால், புதிய மவுசை அம்மா எடுத்துக்கொண்டார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என் கணினியில் சீட்டு விளையாட வேண்டும் என்பது அவர் ஆசை. எத்தனை மவுஸ் செருகினாலும் பொத்தான் மாற்றம் எல்லாவற்றுக்கும் பொதுவாகவே இருக்கும் என்பதை நான் சொல்ல மறந்துவிட்டேன். வலக்கை ஆள்காட்டி விரலால் தட்டித் தட்டிப் பார்த்து, சீட்டு நகரவில்லை என்று என்னை இரண்டு முறை கூப்பிட்டார். நான் அடுத்த அறையில், கெடுவுக்குள் முடிக்க வேண்டிய பக்கம் ஒன்றைத் தாளில் திருத்துவதில் மூழ்கியிருந்தேன். மூன்றாவது முறை கூப்பிடவில்லையே என்று எட்டிப் பார்த்தேன். மவுஸ் கீபோர்டுக்கு இடப்பக்கம் போயிருந்தது. அம்மா இடக்கையால் ஸ்பேட் ராணியை நகர்த்திக்கொண்டிருந்தார்.