வெடித்த தண்ணீருக்குக் காசு, ஊறிய தண்ணீருக்கு இல்லை

காப்புறுதிக்காரர்களுக்கு எல்லாத் தண்ணீரும் ஒரே தண்ணீர் இல்லை. கால்வாய் பெருகி உள்ளே வந்ததா, கூரையால் மழை இறங்கியதா, பைப் வெடித்ததா, சுவருக்குள் மாதக்கணக்காக ஊறியதா என்பதைப் பார்த்துத்தான் காசு கொடுப்பதா இல்லையா என்று முடிவாகிறது. கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு இழப்பீடு கேட்டு வாங்கியபோது இது நன்றாகப் புரிந்தது.

ஒரு கலியாணத்துக்காக யாழ்ப்பாணம் போயிருந்த நேரம் குசினி சிங்குக்குக் கீழே இருந்த ஹோஸ் வெடித்துவிட்டது. கீழ் வீட்டு அன்ரி தங்கள் சீலிங்கால் தண்ணீர் ஒழுகுகிறது என்று செக்யூரிட்டிக்குச் சொல்ல, அவர் மெயின் வால்வைப் பூட்டினார். நாங்கள் வந்து பார்த்தபோது பென்ட்ரி அலுமாரிகளின் அடிப்பலகை ஊறிப் புடைத்திருந்தது, ஹோலின் பலகைத் தரை எழும்பியிருந்தது, ஃபிரிஜ் வேலை செய்யவில்லை.

எங்கள் பொலிசி வீட்டுக் கடனோடு வங்கி எடுக்கச் சொன்ன தீக் காப்புறுதி. அதன் அடிப்படை தீயும் மின்னலும்தான். வெள்ளம், புயல், தண்ணீர்த் தாங்கியோ பைப்போ வெடித்தல் அல்லது நிரம்பி வழிதல் எல்லாம் மேலதிகமாகச் சேர்க்கிற பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கட்டுப்பணம் உண்டு. எங்கள் பத்திரத்தின் அட்டவணையில் பைப் வெடிப்பு இருந்தது, வெள்ளமும் இருந்தது. எல்லாருக்கும் இப்படி அமைவதில்லை. 2016 மே மாதம் களனி ஆறு பெருகியபோது கொலன்னாவையில் சித்தி வீட்டில் இடுப்பளவு தண்ணீர். அவர்களிடமும் காப்புறுதி இருந்தது, ஆனால் அதில் வெள்ளம் சேர்க்கப்படவில்லை. அவ்வளவு வருடம் ஒழுங்காகப் பணம் கட்டியவர்கள் அவர்கள். அதை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறாது.

கம்பனிக்கு அன்றைக்கே அறிவித்தோம். தாமதித்து அறிவித்தால் அதையே ஒரு காரணமாக்க இடமுண்டு. அறிவித்த கையோடு எல்லாவற்றையும் போட்டோ எடுத்தோம். தண்ணீரைத் துடைக்கலாம், துடைக்கவும் வேண்டும், ஏனென்றால் சேதம் கூடாமல் பார்ப்பது நம்முடைய பொறுப்பு. ஆனால் பழுதான சாமான் ஒன்றையும், சேதத்தைக் கணக்கிடக் கம்பனி அனுப்பும் மதிப்பீட்டாளர் பார்க்கும் முன் எறியக்கூடாது.

மதிப்பீட்டாளர் ஒரு தமிழர், பொறுமையான மனிதர். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, “அக்கா, வெடிச்ச ஹோஸ் எங்க?” பிளம்பர் கழற்றியதை என் கணவர் ஒரு ஷொப்பிங் பேக்கில் கட்டி வைத்திருந்தார். அதை வெளிச்சத்தில் பிடித்து, கம்பிப் பின்னல் பிய்ந்து உள்ரப்பர் கிழிந்திருந்த இடத்தை விரலால் வளைத்துப் பார்த்துப் படம் எடுத்தார். “சடுதியா வெடிச்சிருக்கு. சரி, இது பிரச்சினையில்ல.” அப்புறம் குளியலறைச் சுவருக்கு வந்தார். அந்தச் சுவரின் அடியில் பெயின்ட் கொப்புளித்திருந்தது. அதையும் இதோடு சேர்த்துக் கேட்டிருந்தோம். சாவியால் மெல்லச் சுரண்டினார். பூச்சு மாவாகக் கொட்டியது, உள்ளே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. “இது கனகாலமா ஊறின தண்ணி அக்கா. இத எழுத ஏலாது.”

மெல்ல மெல்லக் கசிவது, தேய்மானம், பராமரிப்புக் குறைவு என்று இதற்குப் பொலிசியில் விலக்கு இருக்கிறது. ஹோஸின் விலையும் வராது, ஹோஸ் வெடித்ததால் வந்த சேதத்துக்குத்தான் காசு. இன்னொரு விலக்கை வெளிநாட்டில் இருப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும். பல பொலிசிகளில், வீடு தொடர்ந்து முப்பது நாள்போல ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தால் பைப் வெடிப்புக்குப் பாதுகாப்பு நின்றுவிடும். லண்டனிலும் கனடாவிலும் இருந்துகொண்டு வெள்ளவத்தையில் ஃபிளாட் வாங்கிப் பூட்டி வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்! பொலிசியில் அந்த வரியைத் தேடிப் பாருங்கள், இருந்தால் கம்பனிக்கு எழுத்தில் அறிவித்துப் பதிலை வாங்கி வையுங்கள்.

அதிகம் தலையை உடைத்தது கணக்குத்தான். வங்கிக் கடனோடு வரும் பொலிசியில் பல நேரம் காப்புறுதித் தொகை கடன் தொகையளவுதான் இருக்கும், கட்டடத்தைத் திரும்பக் கட்டும் செலவு அதைவிடக் கூட. கட்ட இரண்டு கோடி ரூபா வேண்டிய வீட்டை ஒரு கோடி இருபது லட்சத்துக்குக் காப்புறுதி செய்திருந்தால், ஐந்து லட்சம் சேதத்துக்கு மூன்று லட்சம்தான் கணக்கில் வரும். குறைத்துக் காப்புறுதி செய்த பங்கை நாமே சுமக்க வேண்டும் என்பது விதி. அதற்கும் மேல், ஒவ்வொரு இழப்பிலும் ஒரு பகுதியை நாமே ஏற்க வேண்டும் என்ற நிபந்தனைத் தொகையையும் கழிப்பார்கள்.

எங்களுடையது கட்டடத்துக்கான பொலிசி. சுவரோடு பொருத்திய பென்ட்ரியும் தரையும் கட்டடக் கணக்கில் வந்தன, ஃபிரிஜ் வரவில்லை. வீட்டுச் சாமான்களுக்குத் தனியாக எடுத்திருக்க வேண்டும். கீழ் வீட்டுச் சீலிங்கும் அதில் அடங்கவில்லை. அயலவருக்கு ஏற்படும் சேதத்துக்கான பொறுப்பு வேறு பகுதி. அன்ரி ஒன்றும் கேட்கவில்லை, ஆனாலும் பெயின்ட் அடிக்கும் செலவை நாங்களே கொடுத்தோம். கொடுக்க வேண்டியதுதான்.

முதலில் வந்த தொகை நாங்கள் கொடுத்த குவாட்டேஷனைவிட நன்றாகக் குறைவு. சாமான் பழசானதற்குத் தேய்மானம் கழித்ததாகச் சொன்னார்கள். எந்தச் சாமானுக்கு எவ்வளவு கழித்தீர்கள், எந்த நிபந்தனையின்படி என்று மின்னஞ்சலில் கேட்டோம். விபரம் வந்தபோது, அண்மையில்தான் போட்ட தரைக்கும் பழைய பென்ட்ரிக்கும் ஒரே அளவில் கழித்திருந்தது தெரிந்தது. தரை போட்ட பில்லை அனுப்பினோம், திருத்தினார்கள். தொலைபேசியில் கதைத்திருந்தால் இது நடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. கம்பனி மறுத்தே நின்றாலும், காப்புறுதி முறைப்பாடுகளைப் பார்க்கும் ஒம்புட்ஸ்மனிடம் முறையிட வழி இருக்கிறது. அங்கே போவதற்கும் முதலில் கம்பனியோடு எழுதியவை கையில் இருக்க வேண்டும்.

காசு தருவதற்கு முன் ஒரு பற்றுச்சீட்டில் கையெழுத்துக் கேட்டார்கள். ‘முழுமையான இறுதித் தீர்வு’ என்று அதில் இருக்கும், போட்டால் பிறகு கூடக் கேட்க முடியாது. திருத்திய தொகை சரிதானா என்று பார்த்த பிறகே போட்டோம்.

குளியலறைச் சுவரைக் கொத்தி, வோட்டர்புரூஃப் செய்து எங்கள் காசில் முடித்தோம். இந்த முறை பொலிசியைப் புதுப்பிக்கும்போது கட்டடத் தொகையைத் திரும்பக் கட்டும் செலவுக்கு உயர்த்தி, வீட்டுச் சாமான்களையும் அயலவர் பொறுப்பையும் சேர்த்துக்கொண்டோம். கட்டுப்பணம் கூடியதுதான், ஆனால் நான் பயந்த அளவுக்கு இல்லை.