ஃப்ளட்லைட் மைதானமும் சின்ன ட்ரோனும்: இதுவரை கைவந்தவை

இரவில் விளையாட்டு மைதானத்தை ட்ரோனில் படமெடுக்கிறேன் என்று சொன்னால், "கேமரா சென்சார் இவ்வளவு சின்னதாச்சே, இருட்டில் புள்ளி புள்ளியாக வராதா?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். எடுத்துப் பார்த்த வரையில் இருட்டு எனக்குப் பெரிய தடையாக இல்லை. விளக்கு எரியும் மைதானம் நல்ல வெளிச்சமான இடம். அந்த வெளிச்சத்துக்கும் அதைச் சுற்றியிருக்கிற இருளுக்கும் நடுவில் கிடக்கும் இடைவெளிதான் உண்மையான வேலையை வைக்கிறது. நான் இதுவரை கற்றுக்கொண்டதெல்லாம் அந்த இடைவெளியைக் குறைக்கும் வழிகள்தான்.

கால்பந்து மைதானங்களுக்கான ஐரோப்பியத் தரநிலையில் பயிற்சி அளவிலான ஆட்டத்துக்கு 75 லக்ஸ் (தரையில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு), உள்ளூர்ப் போட்டிகளுக்கு 200, உயர்நிலைப் போட்டிகளுக்கு 500 என்று வைத்திருக்கிறார்கள். முழுநிலவு தருவது அதிகபட்சம் 0.3 லக்ஸ் அளவுதான். என்னிடம் இருப்பது 250 கிராமுக்கும் குறைவான ட்ரோன். லென்ஸின் துளை எஃப் 1.7, அதை மாற்ற முடியாது. 200 லக்ஸ் மைதானத்தில் 1/50 நொடி ஷட்டருக்கு (சென்சார் ஒளியை வாங்கும் நேரம்) ஐஎஸ்ஓ 200 (சென்சாரின் ஒளியுணர்வு அளவு) போதும். 75 லக்ஸ் என்றால் ஐஎஸ்ஓ 500 பக்கம் போக வேண்டும். சின்ன சென்சாருக்கும் இது சிரமமே இல்லாத அளவு.

தானியங்கி எக்ஸ்போஷரில் விட்டால், அதாவது ஒளியளவைக் கேமராவே தீர்மானிக்க விட்டால், அது படச்சட்டம் முழுவதையும் சராசரி பார்க்கும். சுற்றிலும் கறுப்பு என்பதால் வெளிச்சத்தைக் கூட்டிவிடும், புல் வெளிறிப்போகும். அதனால் மேனுவல்தான். ஹிஸ்டோகிராமை (படத்தின் ஒளிப்பரவலைக் காட்டும் வரைபடம்) பார்த்து, புல்லிலும் வெள்ளைக் கோடுகளிலும் விவரம் நிற்கிற அளவுக்கு ஷட்டரை இறுக்குவேன். விளக்குகள் வெள்ளையாக எரிந்துபோகும், போகட்டும். ரா கோப்பில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) இருண்ட பகுதிகளைப் பின்னால் தூக்கிக்கொள்ளலாம். வெளுத்துப்போன கோட்டை மீட்க வழியில்லை.

ஷட்டரில் இன்னொரு கணக்கும் உண்டு. மாறுமின்சாரத்தில் எரியும் பழைய மெட்டல் ஹேலைடு விளக்குகள், 50 ஹெர்ட்ஸ் மின்சாரமாக இருந்தால் நொடிக்கு 100 முறை துடிக்கும், 60 ஹெர்ட்ஸ் என்றால் 120 முறை. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இந்த வகைச் சென்சார் படத்தை வரிவரியாகத்தான் வாசிக்கிறது. 1/240, 1/500 என்று வேகமாக வைத்தால் ஒரு வரிக்கு வெளிச்சம் கூடி அடுத்த வரிக்குக் குறைந்து, படத்தின் குறுக்கே பட்டைகள் விழுகின்றன. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 1/100 அல்லது 1/50, 60 ஹெர்ட்ஸில் 1/120 அல்லது 1/60 என்று முழுத்துடிப்பின் மடங்காக வைத்தால் பட்டை மறைந்துவிடுகிறது. நல்ல டிரைவர் (மின்சாரத்தைச் சீராக்கித் தரும் சுற்று) உள்ள எல்இடி விளக்குகளில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. எந்த விளக்கு என்று தெரியாத மைதானமானால், முதலில் வேண்டுமென்றே வேகமான ஷட்டரில் ஒன்று எடுத்துப் பட்டை விழுகிறதா என்று பார்ப்பேன்.

ஒயிட் பேலன்ஸை (எந்த ஒளியை வெள்ளையாகக் கொள்வது என்ற அமைப்பு) ஆட்டோவில் விடுவதில்லை. எல்இடி மைதானத்துக்கு 5000 கெல்வின் சுற்றுவட்டத்தில் பூட்டிவைத்துத் தொடங்குவேன். பக்கத்துத் தெருவில் சோடியம் விளக்குகள் இருந்தால் அவை ஆரஞ்சாகவே வரும். அதைச் சரிசெய்யப் போகக் கூடாது என்பது என் கருத்து. பச்சைக்கும் ஆரஞ்சுக்கும் உள்ள அந்த வேறுபாட்டில்தான் இரவு தெரிகிறது.

சரி, எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றத்தைத் தந்தது நேரம். சூரியன் அடிவானத்துக்கு 6 பாகை கீழே இறங்கும்போது, மேகமில்லாத வானத்திலிருந்து தரைக்கு ஏறக்குறைய 3 லக்ஸ் வெளிச்சம் வருகிறது. 200 லக்ஸ் மைதானத்தோடு ஒப்பிட்டால் இடைவெளி சுமார் 6 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு). ரா கோப்பு ஒன்றிலேயே இதைப் பிடித்துவிடலாம்: மரங்களுக்கு உருவம் இருக்கும், கூரைகள் தெரியும், வானம் ஆழ்ந்த நீலமாக நிற்கும். முழுதாக இருட்டிய பிறகு நிலவு இருந்தாலும் அந்த இடைவெளி 9 ஸ்டாப்பைத் தாண்டிவிடுகிறது. அப்போது எடுத்தால் கறுப்புத் துணியில் வைத்த பச்சைச் சீட்டு மாதிரி மைதானம் மட்டும் தனியாகக் கிடக்கும். அதிலும் ஓர் அழகு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மைதானம் எந்த ஊருக்கு நடுவில், எந்த மரங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டத்தான் நான் மேலே போகிறேன். அதனால் என் நேரம் அந்தி வெளிச்சம்தான். சூரியன் 4 பாகை இறங்கியதிலிருந்து 8 பாகை வரைக்கும் விடாமல் எடுக்கிறேன். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இந்த இடைவேளை கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும், துருவப் பக்கம் போகப் போக நீளும். மெட்டல் ஹேலைடு விளக்குகள் முழு வெளிச்சத்துக்கு வரவே சில நிமிடங்கள் பிடிக்கும் என்பதால், எத்தனை மணிக்குப் போடுவார்கள் என்று மைதானப் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்வேன்.

அப்புறம் உயரம். கம்பத்தின் தலைக்குக் கீழே பறந்தால் விளக்கு நேராக லென்ஸில் அடிக்கிறது, படம் முழுக்க வெளிறல். தலையைத் தாண்டி மேலே போனதும் சட்டென்று தெளிகிறது, ஏனென்றால் விளக்குகள் எல்லாமே கீழ்நோக்கித் திருப்பப்பட்டவை, பலவற்றுக்கு மேல்மூடியும் இருக்கும். 105 மீட்டர் நீள மைதானத்தை நேர் மேலிருந்து ஒரே படச்சட்டத்தில் அடக்க, 24 மில்லிமீட்டருக்கு இணையான லென்ஸுக்குக் குறைந்தது 73 மீட்டர் உயரம் வேண்டும். ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டு 80, 85 மீட்டரில் எடுக்கிறேன். பல நாடுகளில் உள்ள 120 மீட்டர் வரம்புக்குள் இது தாராளமாக அடங்கும்.

மேலிருந்து பார்க்கும்போதுதான் நிழல்கள் புரிந்தன. நான்கு மூலைகளிலும் கம்பம் உள்ள மைதானத்தில் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் நான்கு நிழல். நடுவட்டத்தில் நின்றால் நான்கும் ஒரே நீளத்தில், ஒரே அடர்த்தியில் விழுகின்றன. மூலைக்கு நெருங்கினால் பக்கத்துக் கம்பத்தின் நிழல் குட்டையாகவும் அழுத்தமாகவும் மாறுகிறது, தூரத்துக் கம்பங்களின் நிழல்கள் நீண்டு மங்குகின்றன. நிழலை மட்டும் பார்த்தே ஆள் மைதானத்தில் எங்கே நிற்கிறார் என்று சொல்லிவிடலாம். இந்த நிழல்களுக்காகவே நான் திரும்பத் திரும்பப் போகிறேன்.

ஆட்கள் தலைக்கு மேல் பறப்பதில்லை. பல நாடுகளில் சட்டமே அதைத் தடுக்கிறது, தடுக்காத இடத்திலும் கூடாது. ஆட்டம் நடக்கும்போது எல்லைக்கு வெளியே நின்று சாய்கோணத்தில் எடுப்பது, ஆட்டக்காரர்கள் வெளியேறியதும் நடுவுக்குப் போவது, இதுதான் முறை. நேர் மேலிருந்து நிழல் வேண்டுமானால் ஆள் இருக்க வேண்டியதில்லை, கோல் கம்பங்களும் மூலைக் கொடிகளும் போதும்.

நொடிக்கு 6 மீட்டர் ஓடுபவர் 1/50 நொடிக்குள் 12 சென்டிமீட்டர் நகர்கிறார். 80 மீட்டர் தொலைவில் 12 மெகாபிக்சல் படத்தில் அது 4 பிக்சல் அளவுதான். முழுப்படமாகப் பார்த்தால் கலங்கல் தெரியாது. வெற்று மைதானத்தில் இன்னும் தாராளம்: காற்று அடங்கிய நேரத்தில் ஜிபிஎஸ் பிடியில் அரை நொடி வரை கூட கிம்பல் (கேமராவை அசையாமல் பிடிக்கும் தாங்கி) தாங்குகிறது. அதற்கும் மேலே சுத்தமான படம் வேண்டுமென்றால் ஒரே இடத்தில் 4 படம் எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாகச் சராசரி எடுப்பேன். நாய்ஸ், அதாவது அந்தப் புள்ளி புள்ளியான இரைச்சல், பாதியாகிறது. 16 எடுத்தால் கால் பங்கு. நான் 4 போதும் என்று நிறுத்திக்கொள்கிறேன்.

பாதுகாப்பில் மட்டும் பகல் வேலை அவசியம். விளக்குக் கம்பம், இழுகம்பி, பந்து தடுக்கும் வலை எதுவும் இரவில் கண்ணில் படாது. டிஜேஐ மினி வகை ட்ரோன்களில் தடைகளையும் தரையையும் பார்க்கும் பார்வைச் சென்சார்களுக்கே சுமார் 15 லக்ஸ் வெளிச்சம் வேண்டும், மைதானத்தைத் தாண்டிய இருட்டில் அவற்றை நம்ப முடியாது. பகலில் நடந்து பார்த்து, ட்ரோன் தானாகத் திரும்பிவரும் உயரத்தை மிக உயரமான கம்பத்தைவிட நன்றாக மேலே அமைத்துவிடுகிறேன். இரும்புக் கம்பத்தின் அடியிலிருந்து கிளப்புவதில்லை, திசைகாட்டி குழம்பும். கண்ணில் படும் தூரத்திலேயே பறக்க, ட்ரோனின் முதுகில் ஒரு மின்னும் விளக்கு ஒட்டியிருக்கிறேன். அமெரிக்காவில் இரவுப் பறப்புக்கு 3 மைல் தூரம் தெரியும் விளக்கு கட்டாயம். முதுகில் ஒட்டினால் அதன் ஒளி லென்ஸில் விழாது. ட்ரோனின் முன்கைகளில் சிறு விளக்குகள் இருந்தால், பல ட்ரோன்களில் அவற்றைச் செயலியிலேயே அணைத்துவிடலாம்.

அடுத்து எடுத்துப் பார்க்க ஆசைப்படுவது மழை நின்ற மைதானம். மைதானத்தைச் சுற்றிய ஓட்டப்பாதை ஈரமாக இருந்தால் சாய்கோணத்தில் விளக்குகள் அதில் நீளமாகப் பிரதிபலிக்கும். என் ட்ரோனுக்கு நீர்காப்பு இல்லை, அதனால் தூறல் முழுவதும் ஓய்ந்த பிறகுதான் கிளப்ப முடியும். அந்த ஈரக் காற்றில் லென்ஸில் பனி படியாமல் இருக்க, ட்ரோனைக் கொஞ்ச நேரம் முன்னதாகவே வெளியில் வைத்துப் பழக்கப்படுத்திப் பார்க்கப்போகிறேன்.