அல்டோ வரிசையிலிருந்து

மார்ச் 5, 2025. விபூதிப் புதன்

நெற்றியில் சாம்பலோடு கோயில் பாடகர் குழுவின் முதல் ஒத்திகை. உயிர்த்த ஞாயிறுக்கு மாஸ்டர் ஹான்டெலின் அல்லேலூயாவை எடுத்திருக்கிறார். நாலு குரலிலும், ஒரு வரி வெட்டாமல். பெண்களில் மேலே சொப்ரானோ, கீழே அல்டோ; ஆண்களில் மேலே டெனர், கீழே பேஸ். எங்களில் பாதிப் பேருக்கு இசைக்குறி வாசிக்கத் தெரியாது. ஓட்டோ ஓட்டுகிறவர், வங்கிக்காரர், தாதிமார், பென்ஷன் எடுத்த டீச்சர்மார். எல்லோருக்கும் காதுதான் துணை. மாஸ்டர் ஒவ்வொரு குரலையும் தனித்தனியாகப் பாடி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அல்டோவையும் அவரே மெல்லிய குரலில் பாடியிருக்கிறார். பஸ்ஸில் அதைக் கேட்கக் கூடாது, சிரிப்பு வந்துவிடும்.

மார்ச் 9

தவக்காலத்தில் அல்லேலூயா சொல்வதில்லையே, ஒத்திகையில் மட்டும் பாடலாமா? சொப்ரானோவில் மூத்த அன்ரி எழுந்து நின்று கேட்டார். பூசை வேறு, பழக்கம் வேறு என்றார் மாஸ்டர். "கோயில் வளவுக்குள்ளதானே பாடப் போறீர்?" என்றார் அன்ரி. கடைசியில் உடன்பாடு: பாஸ்கா இரவு வரைக்கும் லா-லா-லா-லா. நாலு அசை, நாலு லா. முப்பது பேர் முகத்தை இறுக்கிக்கொண்டு லா லா என்று முழங்கியதில் எட்டிப் பார்த்த சுவாமி ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார்.

மார்ச் 12

திங்கட்கிழமை மூத்தவளுக்கு ஓ.எல். பரீட்சை தொடங்குகிறது. வீட்டில் பாட்டுக்குத் தடை. குளியலறையிலும்.

மார்ச் 16

சின்னவனுக்குப் பாஸ்கா நாடகத்தில் வேடம் கிடைத்துவிட்டது. மல்குஸ். ஒலிவத் தோட்டத்தில் பேதுரு காதை வெட்டுவாரே, அந்த ஊழியன். வசனம் கிடையாது, ஒரு அலறல் மட்டும். வீடு முழுக்க இப்போது அலறல்தான். மூத்தவள் புத்தகத்தால் தலையில் ஒன்று போட்டாள்.

வேதாகமத்தை எடுத்துப் பார்த்தேன். பெயரைச் சொல்கிறவர் யோவான் மட்டும். காதைச் சுகப்படுத்தியதைச் சொல்கிறவர் லூக்கா மட்டும். இதைச் சின்னவனுக்குச் சொன்னால், "ரெண்டு பேரும் சொல்லாட்டி எனக்கு பார்ட்டே இல்லையா அம்மா?" என்கிறான்.

சேவகர்களாக வருகிறவர்கள் சிங்களப் பூசைக்கு வரும் பொடியன்கள். தமிழ் வசனத்தைச் சிங்கள எழுத்தில் எழுதி வைத்து மனப்பாடம் பண்ணுகிறார்கள். எங்கள் பொடியன்களைவிட அவர்களுக்குத்தான் பாடம் சுத்தம்.

மார்ச் 22

பிள்ளைகளின் அப்பா டோஹாவிலிருந்து பேசினார். லீவுக்கு எழுதிக் கொடுத்தாராம். நோன்புப் பெருநாளுக்கு ஊர் போகிறவர்கள் திரும்பி வந்தால்தான் இவரை விடுவார்கள்.

"எப்ப வருவினம்?"

"பாப்பம்."

இந்தப் 'பாப்பம்' எனக்குப் பழக்கம். போன நத்தாரும் இப்படியே போனது.

மார்ச் 26

பரீட்சை முடிந்தது. மூத்தவள் பையை எறிந்துவிட்டு நேரே ஒத்திகைக்கு வந்தாள். சொப்ரானோ. என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

மார்ச் 30

அல்டோவுக்கு யாரும் கைதட்டுவதில்லை. மெட்டு சொப்ரானோவுக்கு, உயரத்தில் ஒரு வீரம் டெனருக்கு, அதிர்வு பேஸுக்கு. நாங்கள் நடுவில். பல இடங்களில் ஒரே சுரத்தை விடாமல் பிடித்து நிற்பதுதான் எங்கள் வேலை. 'ராஜாதி ராஜன்' என்று பொருள்படும் அந்த இடத்தில் பெண்கள் எல்லோரும் நீட்டிப் பிடிக்க, ஆண்கள் கீழே அல்லேலூயாவை அடிக்கிறார்கள். அதன்பிறகு சொப்ரானோ எங்களை விட்டுவிட்டு ஒரு சுரம், இன்னொரு சுரம் என்று மேலே ஏறிப் போகும். மகள் ஏறுகிறாள். நான் கீழே ஆண்களோடு. இன்றைக்கு அந்த இடத்தில் நாலு குரலும் முதல்முறையாகச் சரியாகப் பூட்டிக்கொண்டன. கையில் மயிர் சிலிர்த்தது. இருபது வருடமாகப் பாடுகிறேன். இதற்காகத்தான் வருகிறேன் போலிருக்கிறது. மற்றவர்கள் தேநீருக்கும் மாலுபணிஸுக்கும் வருவதாகச் சொல்லிக்கொள்வார்கள், நம்ப வேண்டாம்.

முடிவுக்கு முன்னால் ஒரு நிறுத்தம் இருக்கிறது. எல்லோரும் சட்டென்று நிறுத்தி, மூச்சு வாங்கி, பிறகு கடைசி அல்லேலூயாவை மெதுவாக. பேஸில் யாரோ ஒருவர் ஒவ்வொரு முறையும் அந்த நிறுத்தத்துக்குள் தனியாக விழுகிறார். யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

லீவு பற்றிக் கேட்டேன். "இன்னும் வரேல்ல."

ஏப்ரல் 2

புறக்கோட்டை. கெய்சர் வீதியில் பிலாத்துவுக்குச் சிவப்புச் சட்டின். புதுவருடச் சனத்துக்குள் நசிந்து, வியர்த்து, கடைசியில் ஊதா வாங்கினோம். ஆளுநருக்கு ஊதாவும் பொருந்தும் என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டா.

ஏப்ரல் 5

இந்தியப் பிரதமர் கொழும்பில். அங்கங்கே வீதியை மறித்திருந்தார்கள். யூதாஸ் வந்து சேர ஒரு மணித்தியாலம் பிந்திவிட்டது. "காட்டிக் குடுக்கிறவன் இல்லாமல் எப்பிடித் தொடங்கிறது?" என்று மேடைக்குப் பின்னால் ஒரே கூத்து.

பாஸ்கா நன்றாகப் போனது. மின்விசிறிச் சத்தத்தில் பின்வரிசைக்குப் பாதி வசனம் கேட்கவில்லை, ஆனால் கதை தெரியாத ஆள் யார்? சின்னவனின் அலறலுக்கு மண்டபம் திடுக்கிட்டது. காதில் கட்டியிருந்த சிவப்புத் துணி நழுவி விழ, இயேசு குனிந்து எடுத்து அப்படியே காதில் ஒட்டிவிட்டார். ஒத்திகையில் அப்படி இருக்கவில்லை. சிரித்த சனம் அடுத்த நிமிடம் அழுதது.

அம்மாவுக்கு மட்டும் குறை. கூத்து மெட்டு ஒன்றும் இல்லையாம். யாழ்ப்பாணம் பாசையூரில் என்றால் விடியவிடியப் பாடுவார்களாம்.

வீடியோ அவருக்கு அனுப்பினேன். இரண்டு நீலச் சரி விழுந்தது. பதில் இல்லை.

ஏப்ரல் 6

காலிமுகத் திடல். இறால் வடை, பட்டம், அம்மாவுக்கு ஒரு கதிரை தேடி அலைச்சல். சின்னவன் தெரியாத ஆட்களுக்கெல்லாம் காதைக் காட்டினான்.

ஏப்ரல் 10

ஐந்து நாள் லீவு கொடுக்கலாமாம். 'லாம்'.

ஏப்ரல் 13. குருத்தோலை ஞாயிறு

மாஸ்டர் இன்றைக்குச் சொன்னது: இந்தப் பாட்டு அடங்கிய முழுப் படைப்பும் முதன்முதல் மேடையேறியது 1742 ஏப்ரல் 13, டப்ளினில். இன்றைய திகதி! கைதட்டினோம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். தவக்காலத்துப் புலம்பலை முணுமுணுத்துக்கொண்டிருந்தா. கோவாவிலிருந்து வந்து, தமிழும் சிங்களமும் படித்து எழுதிய யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியின் 'வியாகுல பிரசங்கம்'. அவர் இந்த மண்ணிலேயே இறந்ததும் அதே 1742இல்தான். அங்கே அது தொடங்க, இங்கே இவர் முடிகிறார். "ரெண்டையும் நாங்கள்தானே இப்ப பாடுறம்" என்றா அம்மா. பிறகு மூத்தவளைக் கூப்பிட்டு இரண்டு வரி சொல்லிக் கொடுத்தா. அவள் மறுப்பாள் என்று நினைத்தேன். போனை வைத்துவிட்டுப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரவு சாப்பாடு பிந்தியது, பரவாயில்லை.

ஏப்ரல் 14

புதுவருடம். கொழும்பு வெறிச்சோடியிருந்தது. ஒத்திகைக்குப் பதினொரு பேர், டெனர் ஒருவர். மலையகத்துக்காரர் எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். வந்தவர்கள் பலகாரப் பெட்டியோடு வந்தார்கள். பெரிய வாரம் என்று சொல்லிக்கொண்டே கொக்கிசும் பலகாரமும் தின்றோம்.

ஏப்ரல் 16

டிக்கட் விலை சொன்னார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஏப்ரல் 17. பெரிய வியாழன்

உன்னதங்களிலே பாடி முடித்ததும் ஓர்கன் மூடப்பட்டது. இனிப் பாஸ்கா இரவில்தான். மணியும் இல்லை, மரக்கிலுக்கி மட்டும்.

வாசலில் பைச் சோதனை. என் பாட்டு ஃபைலை ஒரு சின்னப் பொடியன் தாள் தாளாகப் புரட்டினான். ஆறு வருடமாகிறது. 2019இல் கோயில்களில் குண்டு வெடித்த அந்த உயிர்த்த ஞாயிறு காலை நாங்கள் கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போகவேண்டியது. சின்னவனுக்குக் காய்ச்சல் என்று நின்றுவிட்டோம். இதை நான் எழுதுவதில்லை என்று வைத்திருந்தேன். சரி.

ஏப்ரல் 18. பெரிய வெள்ளி

ஓர்கன் இல்லாமல் பாடினால் சுருதி இறங்கும். தொடங்கிய இடத்திலிருந்து அரைச் சுரம் கீழே வந்து முடித்தோம், எல்லோரும் சேர்ந்தே இறங்கியதால் சனத்துக்குத் தெரியவில்லை. மாஸ்டருக்குத் தெரிந்தது. ஒன்றும் சொல்லாமல் கஞ்சி குடித்தார்.

இரவு பத்துக்குப் பிறகு டோஹா போன் எடுபடவில்லை.

ஏப்ரல் 19

இன்னும் எடுபடவில்லை. பிளேனில் இருப்பார் என்கிறா அம்மா. டோஹாவிலிருந்து ஐந்து மணித்தியாலம்தான், இத்தனை நேரமா? சார்ஜ் இறங்கியிருக்கும் என்கிறேன் நான். மூத்தவள் இரண்டு பேரையும் சும்மா இருக்கச் சொல்கிறாள், தொண்டைக்குக் கொத்தமல்லி அவித்துக் குடித்துக்கொண்டு.

மாஸ்டரின் குரல் செய்தி: பெண்கள் வெள்ளைச் சேலை, ஒன்பதுக்கே வாசலில் நிற்க வேண்டும், பை கொண்டுவரக் கூடாது, இன்றைக்குச் சொல்லோடு பாடலாம். பேஸில் அவரை மாஸ்டர் தன் கண்ணுக்கு நேரே, முதல் வரிசையில்