பதிவேட்டில் 31-ஆம் எண்

கடைசி நாள் வருகைப்பதிவு எடுக்கும்போது எனக்குக் குரல் கம்மிவிடும். 19 ஆண்டுகளாக வேதியியல் நடத்துகிறேன். 11 முறை பன்னிரண்டாம் வகுப்புக்கு வகுப்பாசிரியராக இருந்தாயிற்று. பழகியிருக்க வேண்டும், பழகவே இல்லை.

பெயர்கள் எனக்கு வரிசையாகத்தான் வரும். முதல் பெயரைச் சொல்லிவிட்டால் போதும், வாய்ப்பாடு மாதிரி 43 வரை ஓடிவிடும். காலையும் மதியமும் கூப்பிட்டுக் கூப்பிட்டு நாக்கில் படிந்த வரிசை அது. நடுவிலிருந்து ஒரு பெயரை உருவி, "இந்தப் பிள்ளை எப்படி?" என்று யாராவது கேட்டால்தான் உண்மையில் எனக்கு எவ்வளவு தெரியும் என்பது வெளிப்படும்.

இந்த ஆண்டு பிரிவு உபசார விழாவில் பிள்ளைகள் ஒரு சின்ன நாடகம் போட்டார்கள். மூக்குக் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு, கையில் சாக்பீஸ் வைத்துக்கொண்டு ஒரு மாணவி நானாக நடித்தாள். இடம் ஆய்வகம். பெர்மாங்கனேட் கரைசலை ஒரு பையன் தன் வெள்ளைச் சட்டையில் கொட்டிக்கொள்கிறான். ஊதா நிறம் கொஞ்ச நேரத்தில் பழுப்பாகிவிடுகிறது. தேய்க்கிறான், சோப்புப் போடுகிறான், போகவில்லை. வீட்டுக்கு எப்படிப் போவது என்று அழுகிறான். "டீச்சர்" வருகிறாள். சட்டையைக் கழற்றச் சொல்லி, தன் ஆய்வகக் கோட்டை அவனுக்குப் போர்த்திவிட்டு, அலமாரியிலிருந்து ஆக்சாலிக் அமிலத்தை எடுத்து, வெதுவெதுப்பான கரைசலாக்கிக் கறைமேல் தொட்டுத் தொட்டு வைக்கிறாள். கறை மறைகிறது. "பழுப்பா நிக்கிறது மாங்கனீஸ் டை ஆக்சைடு. அதை ஒடுக்கினா நிறம் போயிடும். இதுக்குப் போய் அழுவாங்களாடா? போ, நல்லா தண்ணி விட்டு அலசு" என்கிறாள்.

மொத்த வகுப்பும் அந்த வசனத்தைக் கூடவே சொன்னது. அரங்கமே கைதட்டியது, நானும் தட்டினேன். ஆனால் அப்படி ஒன்று நடந்ததாக எனக்குத் துளியும் நினைவில்லை.

விழா முடிந்ததும் அந்தப் பையனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "நிஜமாவே நடந்துச்சாடா?"

"பதினொண்ணாவதுல டீச்சர். அந்தச் சட்டை இன்னும் வீட்டுல இருக்கு."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு வகுப்பே இரண்டு வருடம் பேசிப் பேசிப் பாதுகாத்த ஒரு பிற்பகலை நான் எங்கே தொலைத்தேன்?

ஹாரி பாரிக் என்ற உளவியலாளர் தன் குழுவினரோடு 1975-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. உயர்நிலைப் பள்ளி முடித்த 392 பேரை, இரண்டு வாரத்துக்கு முன் முடித்தவர்கள் தொடங்கி ஐம்பது ஆண்டுகளுக்கும் முன்னால் முடித்தவர்கள் வரை, சோதித்தார்கள். பள்ளி ஆண்டு மலரின் படங்களைக் காட்டி, உடன் படித்தவர்கள் யார் என்று கேட்டார்கள். யோசித்துப் பெயர் சொல்லும் திறன் காலப்போக்கில் தேய்ந்திருந்தது. முகங்களை அடையாளம் காணும் திறனோ ஏறத்தாழ 35 ஆண்டுகள் வரை குலையாமல் இருந்தது. ஆண்டுக்கணக்கில் தினமும் பார்த்த முகங்கள் அவ்வளவு ஆழமாகப் பதிகின்றன. கல்லூரி ஆசிரியர்கள் தங்கள் பழைய மாணவர்களை எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதையும் அவரே பின்னாளில் சோதித்தார். எட்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, பாதிக்கும் மிகக் குறைவான முகங்களையே அவர்களால் சரியாகச் சொல்ல முடிந்தது.

காரணம் புரிகிறது. பிள்ளைகளுக்கு இது ஒரே வகுப்பு, எனக்கோ இதுபோல் 11 வகுப்புகள். ஒரு முகத்தின் மேல் அடுத்த ஆண்டின் முகம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. காரணம் புரிந்தாலும் மனம் ஆறவில்லை. இந்தப் பிள்ளைகள் ஒருவரையொருவர் ஐம்பது வயதிலும் அடையாளம் கண்டுகொள்வார்கள். நானோ கடைத்தெருவில் எதிரே வந்து வணக்கம் சொல்பவரைப் பார்த்து, எந்த வருடத்துப் பிள்ளை என்று தடுமாறிக்கொண்டு நிற்பேன்.

எனவே மறுநாள் ஒரு புது நோட்டை எடுத்தேன். வருகைப் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரே ஒரு வரி. அந்தப் பிள்ளையைத் தவிர வேறு யாருக்கும் பொருந்தாத வரியாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். "நல்ல பிள்ளை", "நன்றாகப் படிப்பான்" எல்லாம் கூடாது. சிலருக்கு உடனே வந்தது. 4: கேள்வி கேட்கும் முன்பே கையைத் தூக்கிவிட்டு அப்புறம் யோசிப்பவன். 17: தன் நண்பன் தேர்வில் தவறியதற்கு அவனைவிட அதிகமாக அழுதவள். 26: தாத்தா இறந்த வாரத்தில்கூட ஆய்வகச் சாவியைத் தவறாமல் கொண்டுவந்து கொடுத்தவன்.

31-இல் பேனா நின்றுவிட்டது.

மூன்றாவது பெஞ்சு, ஜன்னல் ஓரம். பெயரைக் கூப்பிட்டால் "உள்ளேன் டீச்சர்" என்பாள். அந்தக் குரல்கூட எனக்கு ஞாபகம் வரவில்லை. திட்டியதில்லை, பாராட்டியதில்லை, பெற்றோரை வரச் சொன்னதில்லை. நாடகத்திலும் அவள் இல்லை. இரண்டு வருடம் என் கண்ணெதிரே உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு ஒரு வரி இல்லை என்றால், அந்தக் குறை முழுக்க என்னுடையது.

செய்முறைத் தேர்வுக்காக வாங்கி வைத்த ரெக்கார்டு நோட்டுகள் ஆய்வக அலமாரியில்தான் இருந்தன. அவளுடையதைத் தேடி எடுத்தேன். பெர்மாங்கனேட் தரம்பார்த்தல் பக்கம்: எவ்வளவு கரைசல் விட்டால் வினை முடிகிறது என்று அளக்கும் சோதனை. இந்தச் சோதனையில் நிறங்காட்டி தேவையில்லை, கரைசலே நிறம் காட்டும். பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும். குடுவையில் மெல்லிய இளஞ்சிவப்பு கலையாமல் நின்றால் அதுதான் முடிவுநிலை. ஒரு கணம் அசந்தால் நிறம் அடர்ந்துவிடும். அடுத்தடுத்த இரண்டு அளவீடுகள் ஒத்துப்போக வேண்டும் என்பதால், தவறிய அளவீட்டை அழித்துவிட்டுச் சரியான எண்ணைப் போட்டுக்கொள்ளும் பழக்கம் எல்லா வகுப்பிலும் உண்டு. திருத்துகிற எங்களுக்கும் அது தெரியும்.

அவள் பட்டியலில் முதல் அளவீடு 16.7. அழிக்கவில்லை. மெல்லிய ஒற்றைக் கோடு அடித்து, பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதியிருந்தாள்: "என் கவனக்குறைவு. நிறம் அடர்ந்துவிட்டது." கீழே 16.4, அதற்கும் கீழே 16.4.

அந்தப் பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் என் கையெழுத்து இருந்தது. தேதியோடு. பார்த்திருக்கிறேன், படிக்கவில்லை.

31-க்கு எதிரே அந்த எண்ணைத்தான் எழுதினேன்: 16.7.

மதிப்பெண் பட்டியலும் மாற்றுச் சான்றிதழும் வாங்க அவள் தன் அம்மாவோடு வந்தாள். வரிசையில் கடைசியில் நின்றாள். கையெழுத்துப் போடப் பேனாவை நீட்டியபோது கேட்டேன்.

"ரெக்கார்டுல ஒரு 16.7 அடிச்சு வெச்சிருந்தியே, ஞாபகம் இருக்கா?"

நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தை முழுசாக அப்போதுதான் பார்த்தேன். இடது புருவத்தின் மேல் ஒரு சின்னத் தழும்பு.

"இருக்கு டீச்சர். வெளிய மழை பெஞ்சுட்டிருந்துச்சு. அதைப் பாத்துட்டு இருந்துட்டேன்."

அவள் அம்மா பதறி, "அப்பவும் கவனிக்கலையா?" என்று ஏதோ சொல்ல வந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர்கள் போனபிறகு நோட்டைத் திறந்து, 16.7-க்குப் பக்கத்தில் இன்னும் ஒரு சொல் சேர்த்தேன்: மழை.