அட்டையை யார் பேருல எழுத

ரெண்டு வருஷம் ஆச்சு, அந்த அட்டை இன்னும் என் மேஜை டிராயர்லதான் கிடக்கு. ரசீது புக் எடுக்கப் போனா அது கையில தட்டும். கிழிச்சுப் போடவும் மனசு வரல, திருப்பிக் குடுக்கவும் நேரம் தாண்டிப் போச்சு.

எல்லா சபையிலயும் நடக்குறதுதான். டிசம்பர் 31 ராத்திரி வாட்ச் நைட் ஆராதனைல வாக்குத்தத்த அட்டையோட வேதவாசிப்பு அட்டையும் சேர்த்துக் குடுப்போம், கிழமை நாள்ல மூணு அதிகாரம், ஞாயித்துக்கிழமை அஞ்சு, இப்படியே போனா வருஷம் முடியுறதுக்குள்ள வேதத்தோட 1189 அதிகாரமும் முடிஞ்சிரும். முடிச்சவங்களுக்கு ஒரு சர்டிபிகேட், ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். ஜனவரில அறுபது அட்டை போகும், மாசக் கடைசில பலிச் சட்டமா வர்ற லேவியராகமம் வந்ததும் பாதிப் பேர் நின்னுருவாங்க, டிசம்பர்ல பத்து அட்டை திரும்பி வந்தா நானே எனக்கு ஒரு ஸ்தோத்திரம் சொல்லிக்குவேன். அந்த வருஷம் எட்டு வந்துச்சு. ஒன்பதாவதா அந்த அக்கா வந்தாங்க.

பீடி சுத்துறவங்க. எழுதப் படிக்கத் தெரியாது, கையெழுத்து மட்டும் போடுவாங்க. அட்டை அவங்க பேருல இருக்கு, 365 கட்டத்துலயும் டிக் இருக்கு, ஒரே பேனாவுல போட்டதும் இல்ல, நீலம், கறுப்பு, நடுவுல பென்சில் கூட இருந்துச்சு, அதாவது அன்னன்னைக்குப் போட்ட டிக்தான். பாத்த உடனே தெரியுது. ஆனா நான் கேட்டேன், "அக்கா, இது யாரு வாசிச்சது?"

"மக வாசிச்சா ஐயா. நான் கேட்டேன்."

"அப்ப சர்டிபிகேட் மக பேருலதான எழுதணும்?"

"அவ பேருக்கு வேண்டாம். அவ எனக்காகத்தான வாசிச்சா."

இந்த இடத்துல நான் எழுதிக் குடுத்திருந்தா ஒண்ணும் இல்ல. வெஸ்ட்ரில, அதான் கோயிலை ஒட்டின ரூம்ல, அப்ப சபைப் பொருளாளர் இருந்தார், அட்டை குடுக்க வந்த ரெண்டு வாலிபப் பிள்ளைங்க இருந்தாங்க, ஒருவேளை அவங்க முன்னால ஒரு நல்ல சாட்சியா இருக்கட்டுமேன்னு நினைச்சேனோ என்னவோ, "சரி அக்கா, நீங்க எதுக்காக ஒரு வருஷம் உக்காந்து கேட்டிய? சொல்லுங்க, பிள்ளைங்க கேக்கட்டும்"னேன். ஆத்துமாவுக்கு, ஆறுதலுக்கு, கர்த்தர் பேசினார், இப்படி ஏதாவது வரும்னு எதிர்பாத்தேன். நம்ம ஜனங்களுக்கு அந்த பதில் எல்லாம் மனப்பாடம்.

அவங்க கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "பொய் சொல்லக்கூடாதுல்லா ஐயா. மகளுக்கு மெட்ராஸ்ல ஆஸ்பத்திரி வேல, ஜனவரில போயிருவா. அது போன வருஷமே தெரியும். வீட்டுக்கு வந்தா போனத்தான் நோண்டுவா, எங்கிட்ட பேச மாட்டா. வேதம் வாசின்னு சொன்னா மட்டும் தட்ட முடியாதுல்லா. அவ சத்தத்தை ஒரு வருஷம் கேட்டுக்கிடலாம்னுதான். வசனம் பாதி புரியல."

பொருளாளர் சிரிச்சிட்டார். பிள்ளைங்களும். எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்துச்சுன்னு தெரியல, பிரசங்கக் குரல், "அக்கா, அப்படின்னா இது வேதவாசிப்பு இல்லையே, மகளோட பேச ஒரு வழி, அவ்வளவுதான. தேவனுக்காக வாசிக்கிறதுக்குத்தான் இந்த சர்டிபிகேட்"னு சொல்லிட்டேன்.

அதுக்கு அவங்க சொன்னதுதான். "நீங்க சம்பளத்துக்கு வாசிக்கிய, நான் மக சத்தத்துக்குக் கேக்கேன். ரெண்டுல எத எழுதலாம்னு நீங்களே சொல்லுங்க ஐயா."

அப்புறம் அட்டையை மேஜையில வச்சிட்டுப் போயிட்டாங்க. கோவமா வச்ச மாதிரி இல்ல, பீடிக்கடைல பீடிக்கட்டு எண்ணி வச்சிட்டு வர்ற மாதிரிதான் வச்சாங்க. குத்திக் காட்டினாங்களா, நெஜமாவே தெரிஞ்சுக்கக் கேட்டாங்களா, இதை நான் எத்தனை தடவை ஓட்டிப் பாத்தேன்னு கணக்கில்ல. ஒரு நாள் யோசிச்சா அவங்க சிரிச்ச மாதிரி இருக்கும், இன்னொரு நாள் யோசிச்சா முகமே ஞாபகம் வராது. என் வீட்டுக்காரி சொன்னா, "அவங்க கேள்விதான் கேட்டிருக்காங்க, உங்களுக்குத்தான் அது அடி மாதிரி விழுந்திருக்கு." இவ எப்பவும் இப்படித்தான்.

என் பக்க நியாயத்தையும் சொல்லணும்ல. அட்டையில "வாசித்தேன்"னுதான் அச்சடிச்சிருக்கு. கேட்டாலும் எழுதலாம்னு விட்டா, போன்ல ஆடியோ பைபிள ஓட விட்டுட்டு பைக்ல போறவர் ஒருத்தர் நம்ம சபையிலயே இருக்கார், அவருக்கும் ஒரு டிபன் பாக்ஸ் எடுத்து வைக்கணும். ரூல்னா ரூல்தான. இப்படி எனக்கு நானே வக்கீலா நிக்கும்போதே வெளிப்படுத்தல் முதல் அதிகாரம் மூணாம் வசனம் குறுக்க வரும், "வாசிக்கிறவனும், கேட்கிறவர்களும்". வாசிக்கிறவன் ஒருத்தன், கேக்குறவங்க பல பேர். அந்தக் காலத்து சபையில எல்லார் கையிலயும் புஸ்தகம் கிடையாது, ஒருத்தர் வாசிப்பார், மத்தவங்க கேப்பாங்க, எஸ்றா தண்ணீர் வாசல் வீதியில காலையிலருந்து மத்தியானம் வரை வாசிச்சப்பவும் ஜனங்க நின்னு கேக்கத்தான் செஞ்சாங்க. இது எனக்குத் தெரியாம இல்ல. அதே வருஷம் வேதாகம ஞாயிறு அன்னைக்கு நானே பிரசங்கம் பண்ணினதுதான். அதனால ரூல்ங்கிறது சாக்குன்னு எனக்கே தெரியும். கேட்டாங்கங்கிறதுக்காக நான் மறுக்கல, உண்மைக் காரணத்தைச் சொன்னாங்கங்கிறதுக்காக மறுத்தேன். மத்த எட்டு பேர்கிட்ட நான் காரணமே கேக்கல. ஒருத்தர் மகனுக்கு விசா கிடைக்கணும்னு பொருத்தனை பண்ணி வாசிச்சார், ஊருக்கே தெரியும். இன்னொரு அக்கா மூணு வருஷமா டிபன் பாக்ஸ் செட் சேர்க்காங்க, அதை அவங்களே சொல்லிச் சிரிப்பாங்க. அவங்களுக்கெல்லாம் எழுதினேன்.

சம்பளத்துக்கு வாசிக்கிறேனான்னா, ஆமா. இதை இப்படி எழுதவே ஒரு மாதிரி இருக்கு. நான் வேதத்தை முழுசாத் திறக்குறது சனிக்கிழமை ராத்திரி. ஞாயித்துக்கிழமைக்கு மூணு பாயின்ட் வேணும். நடுவுல வீடு சந்திக்கப் போனா அந்த வீட்டுக்கு ஏத்த ஒரு சங்கீதம், துக்க வீடுன்னா யோவான் 14, புது வீடுன்னா சங்கீதம் 127, எலக்ட்ரீஷியன் பையில ஸ்க்ரூடிரைவர் இருக்குற மாதிரி கை தானா அங்க போகும். எந்த வசனத்தை வாசிச்சாலும் இதை எங்க பயன்படுத்தலாம்னுதான் புத்தி ஓடும், எனக்கு இதுல என்ன இருக்குன்னு ஓடாது.

ஒண்ணு சொல்லுதேன், இதை யார்கிட்டயும் சொன்னதில்ல. எங்க அப்பா கடைசியா ஆஸ்பத்திரில கிடந்தப்ப ராத்திரி பக்கத்துல உக்காந்து சங்கீதம் 88 வாசிச்சேன். மத்த புலம்பல் சங்கீதங்கள்ல பெரும்பாலும் கடைசில ஒரு திருப்பம் வரும், ஸ்தோத்திரத்துல முடியும், இது முடியாது, "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்"னு அப்படியே இருட்டுல நின்னுரும். வாசிச்சிட்டு அப்பா முகத்தைப் பாத்தேன், மாஸ்க்குக்குள்ள மூச்சு ஏறி இறங்குது, அந்த நிமிஷம் என் மனசுல வந்தது என்ன தெரியுமா, "இது அடக்க ஆராதனைக்கு நல்ல மெசேஜ், யாரும் இதை எடுக்குறதில்ல." போன எடுத்து குறிச்சும் வச்சேன். அப்பா உசுரோடதான் இருந்தார் அப்ப.

அதனால அந்த அக்கா சொன்னதுல எனக்கு மறுக்க ஒண்ணுமில்ல. மறுக்க முடியாததாலதான் வலிச்சுதோ என்னவோ.

ஸ்காட்லாந்துல ராபர்ட் மர்ரே மெக்செயின்னு ஒரு போதகர் இருந்தார், 29 வயசுல செத்துப் போனவர். 1842 கடைசில தன் டண்டீ சபைக்கு ஒரு வருஷ வாசிப்புத் திட்டம் போட்டுக் குடுத்தார், இன்னைக்கும் உலகம் முழுக்க அதை வச்சு வாசிக்காங்க. அந்தத் திட்டத்தோட குடுத்த முன்னுரையில, இதனால என்ன லாபம்னு சொல்லுறதுக்கு முன்னாலயே என்னென்ன ஆபத்துன்னு எழுதினார். சும்மா சடங்காப் போயிரும், நான் முடிச்சிட்டேன்னு பெருமை வரும், கவனமில்லாம ஓடும், சுமக்க முடியாத நுகமா ஆயிரும். ஊழியப் பயிற்சில இதைப் படிச்சப்ப சபையாருக்கு வரக்கூடிய ஆபத்துன்னு நோட்டுல எழுதி வச்சேன். அட்டையை எண்ணி வாங்குறவனுக்கு என்ன ஆபத்துன்னு அவரும் எழுதல, நானும் யோசிக்கல.

இன்னொரு பக்கம் பவுல் பிலிப்பியருக்கு எழுதினதைப் பிடிச்சுத் தொங்குவேன், பொறாமையிலயும் விரோதத்துலயும் பிரசங்கிக்கிறவங்க இருக்காங்க, எப்படியாவது கிறிஸ்து அறிவிக்கப்படுகிறார், அதனால சந்தோஷப்படுகிறேன்னு சொன்னாரே. அப்ப நோக்கம் கோணலா இருந்தாலும் பரவால்லன்னு ஆகுது. எனக்குப் பரவால்லன்னா அந்த அக்காவுக்கு மட்டும் எப்படி பரவா உண்டாச்சு? இங்க வந்ததும் யோசிக்கிறதை நிறுத்திருவேன்.

ஜனவரில சேகரத்து ஐயர்கிட்ட, அதான் எனக்கு மேல உள்ள போதகர்கிட்ட, விஷயத்தைச் சொன்னேன். அவர் ரெண்டு நிமிஷம் கூட யோசிக்கல, "குடுத்திருக்கலாமேப்பா"ன்னார், அடுத்து ஸ்தோத்திரப் பண்டிகை கணக்குக்குப் போயிட்டார். நான் ஒரு டிபன் பாக்ஸை எடுத்துக்கிட்டு அவங்க வீட்டுக்குப் போனேன். மக போயி ஒரு வாரம் ஆகியிருந்துச்சு. திண்ணைல உக்காந்திருந்தாங்க, மடியில சுளகு, நனைச்சு வெட்டின இலை ஒரு பக்கம், தூள் ஒரு பக்கம். கை நிக்கவே இல்ல, இலையில தூளை வச்சு உருட்டி, முனையை மடக்கி, நூலைச் சுத்தி, அது பாட்டுக்கு. மன்னிப்புக் கேக்கணும்னு வழியெல்லாம் வார்த்தை சேத்து வச்சிருந்தேன். அவங்க பாக்ஸைத் திறந்து பாத்துட்டு, "மூடி டைட்டாத்தான் இருக்கு, முறுக்கு போட்டு வைக்கலாம்"னு உள்ள வச்சிட்டு வந்துட்டாங்க. சேத்து வச்ச வார்த்தை எல்லாம் வாயிலயே நின்னு போச்சு.

"வந்தது வந்திய, ஒரு அதிகாரம் வாசிச்சிட்டுப் போங்க ஐயா"ன்னாங்க. வேதம் எங்கன்னு கேட்டா உத்தரத்துக்குக் கீழ பரண்ல, மஞ்சப்பையில. "நான் தொடுறதில்ல, கையெல்லாம் புகையிலை"ன்னாங்க. எனக்கு அடுத்து ரெண்டு வீடு பாக்க வேண்டியிருந்துச்சு, சங்கீதம் 117 எடுத்தேன். ரெண்டே வசனம்.

"அவ்வளவுதானா?"

வெக்கமாப் போச்சு. பேச்சை மாத்தணும்னு, லேவியராகமம் எண்ணாகமம் எல்லாம் உங்களுக்குக் கஷ்டமா இருந்திருக்குமேன்னு கேட்டேன். "எண்ணாகமம் நல்லாருந்துச்சே"ன்னாங்க. ஒரு நாள் பங்கு முடியுறதுக்குள்ள ஒரு கட்டு, 25 பீடி சுத்திருவாங்களாம், எண்ணாகமம் ஏழு வந்த அன்னைக்கு மட்டும் ரெண்டாவது கட்டும் பாதி ஆயிருச்சாம். 89 வசனம் அது. பன்னெண்டு கோத்திரத்துப் பிரபுக்களும் வரிசையா காணிக்கை கொண்டு வர்றாங்க, எல்லாரும் ஒரே காணிக்கை, 130 சேக்கல் வெள்ளித்தாலம், 70 சேக்கல் வெள்ளிக்கலம், 10 சேக்கல் பொன் தூபகரண்டி, பன்னெண்டு தடவையும் ஒரு வார்த்தை மாறாம வரும். மக தாண்டிப் போகப் பாத்தாளாம், இவங்க விடலயாம். "எல்லாரும் இதத்தான் குடுத்தாங்கன்னு ஒரே வரியில முடிச்சிருக்கலாம்லா ஐயா. முடிக்கலியே. ஒவ்வொருத்தன் பேரையும் போட்டு, அவன் குடுத்ததையும் தனியாப் போட்டிருக்கு. பீடிக்கடை பாஸ்புக்குல எங்களுக்கும் அப்படித்தான், எல்லாருக்கும் ஒரே இலை ஒரே தூளுதான், ஆனா என் புக்குல என் பேருதான் இருக்கணும், இல்லன்னா பி.எஃப் வராது."

நானும் இத்தனை வருஷமா ஊழியத்துல இருக்கேன். அந்த அதிகாரத்துல கண்ணை ஓட்டிட்டு எட்டுக்குப் போறவன் நான்.

இதுக்கு மேல எழுதக் கூச்சமா இருக்கு. மார்ச் மாசம் காணிக்கை பத்திப் பேசணும்னு கமிட்டில சொன்னாங்க, எண்ணாகமம் ஏழை எடுத்தேன். பாஸ்புக் உதாரணத்தையும் சொன்னேன். "ஒரு தொழிலாளியோட பாஸ்புக்கைப் போல"ன்னுதான் சொன்னேன், யார் சொன்னதுன்னு சொல்லல. பேர் சொன்னா அவங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு நினைச்சேன். இல்ல, அப்படி நினைச்சதா இப்ப சொல்றேன், அன்னைக்கு எதுவும் நினைக்கல, நல்ல பாயின்ட் கிடைச்சுதுங்கிறதுதான் இருந்துச்சு. ஆராதனை முடிஞ்சு பொருளாளர் கையைப் பிடிச்சு, "ஐயா, இன்னைக்கு நல்ல வெளிச்சம்"னார். சந்தோஷமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லல.

பெண்கள் பக்கத்துல கடைசியில உக்காந்திருந்தாங்க அந்த அக்கா. வாசல்ல எல்லாருக்கும் கை குடுத்துக்கிட்டு நிக்கேன், அவங்க வந்தாங்க, இப்ப கேக்கப் போறாங்கன்னு நினைச்சேன்.

"ஐயா, பன்னெண்டாவதா வந்தவன் அகியேசேர்னு சொல்லிட்டிய. அவன் பத்தாவது. பன்னெண்டாவது அகீரா, ஏனானுக்க மகன்."

உள்ள போயி எடுத்துப் பாத்தேன். அவங்க சொன்னதுதான் சரி. திரும்பி வந்து, எப்படிக்கா இதெல்லாம் ஞாபகம் இருக்குன்னு கேட்டேன்.

"அந்தப் பேரை வாசிக்கையில மக சிரிச்சிட்டா ஐயா"ன்னுட்டு, செருப்பை மாட்டிக்கிட்டு இறங்கிப் போனாங்க.