போடு என்றேனா, தட்டு என்றேனா

'தட்டு' என்றுதான் சொன்னேன் என்று நாலு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். லாயத்துப் பெரியவர் இதைக் கேட்டால் சிரிப்பார். "ஒண்ணு போடுன்னு கத்துன தம்பி. தண்ணித் தொட்டிகிட்ட நின்ன எனக்கே கேட்டுச்சு" என்பார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். அவருக்கே கேட்டது என்றால் நான் எவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும்!

குதிரையேற்றம் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் இந்தச் சொற்களுக்குத் தனித்தனி எடை உண்டு. 'தொடு' என்றால் சாட்டை குதிரையின் மேல் பட்டால் போதும். 'தட்டு' என்றால் உட்கார்ந்திருப்பவரின் காலுக்குப் பின்னால் லேசாக ஒன்று, பஸ்ஸில் தூங்குகிறவரைத் தோளில் தட்டி எழுப்புவதுபோல. 'போடு' என்றால் சத்தம் வர வேண்டும். 'அடி' என்ற சொல்லை நாங்கள் தூரம் அளக்க மட்டும்தான் வைத்திருக்கிறோம் என்று புதிதாக வரும் பெற்றோர்களிடம் பெருமையாகச் சொல்வேன். இப்போதும் சொல்கிறேன்.

நடந்தது 2021 ஆகஸ்ட் 15. கொரோனாவில் பூட்டிக் கிடந்த லாயத்துக்கு மறுபடி ஆள் வரவேண்டும் என்று பெற்றோர்களைக் கூப்பிட்டு நடத்திய சின்னப் போட்டி. பதினோரு பிள்ளைகள், ஆறு குதிரைகள், எட்டு தடைகள், உயரம் 70 சென்டிமீட்டர். பிள்ளைகள் வராவிட்டாலும் குதிரைக்குக் கொள்ளும் புல்லும் போட்டாக வேண்டுமே. முதலாளி வீட்டு நகை அதற்குள் அடகுக்குப் போயிருந்தது. இதையெல்லாம் எழுதும்போதே தெரிகிறது, எனக்கு நானே சாட்சி சேர்க்கிறேன் என்று.

ஐந்தாவது தடையின் ஓரத்தில் ஒரு ஐயனார் குதிரையை நிறுத்தியிருந்தோம். வில்லியனூரில் வாங்கியது. சுட்ட களிமண், என் மார்பு உயரம், வெள்ளையடித்து, கழுத்தில் சிவப்பும் நீலமுமாகப் பட்டை. யோசனை என்னுடையது. அந்த மாதத் தொடக்கத்தில் டோக்கியோ ஒலிம்பிக்கில் தனிநபர் ஜம்பிங், அதாவது குதிரையில் தடை தாண்டும் போட்டியின் தகுதிச் சுற்று நடந்தபோது, ஒரு தடையின் ஓரத்தில் ஆள் உயர சுமோ மல்லர் சிலையை வைத்திருந்தார்கள். வளைந்து திரும்பியதும் குதிரைக்கு முதலில் தெரிவது அந்த மல்லரின் முதுகு. சில குதிரைகள் அங்கே தயங்கின. சிலையைப் பார்த்துத்தான் மிரளுகின்றன என்று வீரர்கள் சிலரே சொன்னார்கள். அந்தப் படத்தை முதலாளியிடம் காட்டி, "நம்மூருக்கு ஐயனார் குதிரை வெச்சா போட்டோ நல்லா வரும்" என்றேன். குதிரைகள் மிரண்டன என்ற செய்தியைப் படித்துவிட்டுத்தான் சொன்னேன். அது என் மூளையில் விளம்பரமாக மட்டும் ஏறியிருக்கிறது.

ஆகஸ்ட் 4 அன்று இறுதிப் போட்டியைப் பெரியவரும் நானும் என் போனில் பார்த்தோம். சமமாக நின்றவர்களுக்கான கடைசிச் சுற்றான ஜம்ப் ஆஃபுக்கு ஆறு பேர் வந்தார்கள், ஆறு பேரும் தடையின் ஒரு கட்டையைக்கூடத் தட்டவில்லை. கடைசியில் நேரம்தான் தீர்மானித்தது. பிரிட்டனின் பென் மாஹர் 37.85 வினாடி, ஸ்வீடனின் பெடர் ஃப்ரெட்ரிக்ஸன் 38.02. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே 0.17 வினாடி. பெரியவருக்கு அதெல்லாம் பொருட்டில்லை. ஃப்ரெட்ரிக்ஸனின் குதிரை லாடம் இல்லாமல் ஓடியது என்பதைத்தான் பிடித்துக்கொண்டார். "லாடமே இல்லாமயா இம்மாம் உயரம்?" அடுத்த ஆறு மாதம், லாடம் கட்டுகிறவர் வரும்போதெல்லாம் இதைச் சொல்லியே கூலியைக் குறைக்கப் பார்த்தார்.

இரண்டு நாள் கழித்து இன்னொரு வீடியோ வந்தது. மாடர்ன் பென்டத்லான், ஐந்து விளையாட்டு சேர்ந்த ஒரே போட்டி. அப்போது குதிரையேற்றமும் அதில் ஒன்று, யாருக்கு எந்தக் குதிரை என்று குலுக்கிப் போட்டார்கள். பழகிக்கொள்ள இருபது நிமிடம்தான். ஜெர்மனியின் அனிகா ஷ்லோய் முதலிடத்தில் இருந்தார். அவருக்கு விழுந்த செயின்ட் பாய் என்ற குதிரை அதற்கு முன்பே இன்னொரு வீராங்கனையிடம் அடம்பிடித்த குதிரை. அது நகரவே மாட்டேன் என்றது. அவர் மேலே உட்கார்ந்து அழுகிறார், சாட்டையை வீசுகிறார், வேலிக்கு வெளியே இருந்து பயிற்சியாளர் "நல்லாப் போடு" என்கிற மாதிரி ஜெர்மன் மொழியில் கத்துகிறார், கையாலும் குதிரையைக் குத்துகிறார். முதலிடம் 31-ஆம் இடமானது. பயிற்சியாளரை மீதிப் போட்டிகளிலிருந்து விலக்கினார்கள். பிற்பாடு குதிரையேற்றத்தையே அந்த விளையாட்டிலிருந்து எடுத்துவிட முடிவு செய்தார்கள். 2024 பாரிஸ்தான் கடைசி.

அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு நான் என்ன பேசினேன் என்பது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, "குதிரை நின்னா அது பேசுதுன்னு அர்த்தம். என்ன பேசுதுன்னு கேக்கணும்" என்றேன். நல்ல பேச்சு. ஒரு பையன் கைகூடத் தட்டினான்.

ஒரே வாரம்.

மல்லி எங்கள் செவலைக் குதிரை. கிண்டி ரேஸில் ஓடி ஓய்ந்து வந்தவள். அவள்மேல் ஏறிய பெண்ணுக்கு அப்போது பதின்மூன்று வயது, இரண்டு வருஷமாக அவளிடம்தான் பழகியிருந்தாள். முதல் நான்கு தடை பிரமாதம். ஐந்தாவதுக்கு வளைந்ததும் மல்லியின் இரண்டு காதும் முன்னால் குத்திட்டன, கழுத்து உயர்ந்தது, செம்மண் பறக்கச் சறுக்கி நின்றாள். பெண் கழுத்துவரை போய் முட்டிக்கொண்டு திரும்ப உட்கார்ந்தாள். சுற்றி வந்தாள். இரண்டாவது தடவை மல்லி இன்னும் தள்ளியே நின்றாள். முதலாளி என்னைப் பார்த்தார். பெண்ணின் அப்பா போனை உயர்த்திப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். சற்று முன்புதான் அவர் என்னிடம், "ஒலிம்பிக்ஸ் குதிரைப் போட்டில நம்மாளுங்க யாராச்சும் இருக்காங்களா சார்?" என்று கேட்டிருந்தார். ஜம்பிங்கில் இல்லை, மூன்று வகைக் குதிரையேற்றம் சேர்ந்த ஈவென்டிங்கில் ஃபவாத் மிர்சா 23-ஆம் இடம் வந்தார் என்று சொல்லியிருந்தேன்.

அப்போதுதான் கத்தினேன். தட்டு, அல்லது போடு.

பெண் என் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு குதிரையைத் திருப்பினாள், காலை அழுத்தினாள், சாட்டை விழுந்தது. ஒரே ஒன்று. மல்லி தடைக்கு ரொம்ப முன்னாலேயே எழும்பி, வேண்டியதைவிட ஒரு முழம் உயரமாகத் தாண்டினாள். கட்டை அசையவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். அந்த மாதம் ஒன்பது பேர் புதிதாகச் சேர்ந்தார்கள்.

சரி, இதில் என்ன தப்பு என்று என்னிடமே பலமுறை வாதாடியிருக்கிறேன். முன்பின் தெரியாத குதிரையில்லை, இருபது நிமிடப் பழக்கமில்லை. நான் குதிரையைத் தொடவேயில்லை. ஒரு குதிரையை இரண்டு தடவை நிற்கவிட்டு அப்படியே லாயத்துக்குக் கூட்டிப்போனால், நின்றால் வேலை முடிந்தது என்று அது கற்றுக்கொள்ளும். இதை எந்தப் பயிற்சியாளரும் மறுக்க மாட்டார். நானும் மறுக்க மாட்டேன், நாளைக்கும் இதையேதான் சொல்லிக்கொடுப்பேன். சவாரி செய்கிறவர் தன் கோபத்தைத் தீர்த்துக்கொள்ளச் சாட்டையை எடுக்கக்கூடாது என்று சர்வதேச விதியே இருக்கிறது. அந்தப் பெண்ணுக்குக் கோபம் இல்லை. கோபம் எனக்கும் இல்லை, வெட்கம்தான் இருந்தது. வேலிக்கு வெளியே நிற்கிறவனின் வெட்கத்தைப் பற்றி விதியில் எதுவும் இல்லை.

ஆனால் இந்த வாதமெல்லாம் அந்த ஒரு சொல்லைப் பற்றியது. நானே வேண்டுமென்று அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டு சுற்றுகிறேனோ என்று இப்போது சந்தேகம் வருகிறது. ஏனென்றால் காலையில் இன்னொன்று நடந்தது.

போட்டிக்கு முன் தடத்தை நடந்து பார்க்கும் வழக்கம் இருக்கிறதே, அதைச் செய்தோம். நாம் நாலு அடி எடுத்துவைத்தால் குதிரைக்கு ஒரு ஸ்ட்ரைட், அதாவது ஒரு பாய்ச்சல். நாலாவது தடையிலிருந்து ஐந்தாவதுக்கு இருபத்து நாலு அடி: இறங்க ரெண்டு, எழும்ப ரெண்டு, நடுவில் ஐந்து ஸ்ட்ரைட். அந்தப் பெண் உதடு அசைய எண்ணிக்கொண்டே வந்து ஐயனார் குதிரையின் முன்னால் நின்றாள்.

"அண்ணா, மல்லி இதப் பாத்ததே இல்லியே. ஒரு தடவ கூட்டியாந்து காட்டட்டுமா?"

"ஒலிம்பிக்ஸ்லயே காட்ட மாட்டாங்க" என்றேன்.

உண்மைதான். ஒலிம்பிக்கில் வீரர்தான் தடத்தை நடந்து பார்ப்பார், குதிரைக்குக் காட்டக்கூடாது. 1.65 மீட்டர் வரை உயரமுள்ள தடைகளைக் குதிரை முதல்முறையாக, ஓடிவரும்போதுதான் பார்க்கும். அதன் முகத்துக்கு நேர் முன்னால் கொஞ்ச தூரம் அதற்குக் கண் தெரியாது என்பதால், தாண்டுகிற நொடியில் கட்டையைக்கூடப் பார்க்காது. மேலே இருப்பவரை நம்பித்தான் எழும்புகிறது. இதையெல்லாம் நான் அழகாகச் சொல்லிக்கொடுப்பேன். ஆனால் அதே ஒலிம்பிக்கில், இரண்டாவது தடவை நின்றதுமே மணியடித்து வெளியே அனுப்பிவிடுவார்கள். அந்த விதியை நான் எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் போட்டியில் மூன்று வாய்ப்பு என்று நானே எழுதி ஒட்டியிருந்தேன். பிள்ளைகளுக்காகத்தான். காட்டக்கூடாது என்ற விதியும் பிள்ளைகளுக்காகத்தானா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஐந்து நிமிட வேலை அது. எட்டு மணிக்கு ஆள் வந்துவிடுவார்கள், நாற்காலி போட வேண்டும், அவ்வளவுதான் காரணம்.

அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, அவள் மல்லியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு ஐந்தாவது தடைக்குப் போய் அரை மணி நேரம் நின்றிருந்தாளாம். மல்லி மூச்சை உறிஞ்சி உறிஞ்சி மோந்து பார்த்து, கடைசியில் களிமண் மூக்கின் சுண்ணாம்பை நக்கியதாம். பெரியவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மறுநாள் பார்த்தபோது மூக்கு மட்டும் செங்கல் நிறத்தில் இருந்தது.

அவள் வருவதை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் எனக்குக் கணக்கு முடிந்திருக்கும். 2024 ஆகஸ்ட் 6, பாரிஸ் இறுதிப் போட்டியை லாயத்தில் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். வெர்சாய் அரண்மனை, மூன்று பேர் மட்டும் ஜம்ப் ஆஃப். ஜெர்மனியின் கிறிஸ்டியன் குக்குக் ஒரு கட்டையும் விழாமல் 38.34-இல் முடித்தார், மற்ற இருவருக்கும் தலா ஒரு கட்டை விழுந்தது. வீரர்கள் தடத்தை நடந்து அளப்பதைத் திரையில் காட்டியபோது, அவள் யாரையும் பார்க்காமல், "குதிரைக்கு மட்டும் காட்டவே மாட்டாங்கல்ல" என்றாள். பக்கத்திலிருந்த சின்னப் பையனுக்குச் சொன்னாளா, எனக்குச் சொன்னாளா? நான் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். தொடர்ந்து பிரித்தேன்.

ஐயனார் குதிரை அந்த வருஷக் கடைசியில் ஃபெஞ்சல் புயலில் கவிழ்ந்து உடைந்தது. துண்டுகளைப் பெரியவர் வாசலில் சேறு நிற்கும் பள்ளத்தில் போட்டு மிதித்துவிட்டார். இந்த வருஷம் மறுபடி ஒன்று வாங்கலாம் என்கிறார் முதலாளி, போட்டோவுக்காக. வில்லியனூரில் சொல்லியாகிவிட்டது. பெரியவர் நேற்றுக் கேட்டார், எப்போது போய் எடுத்து வருவது என்று.

"முந்தின நாள் போதும்" என்றேன்.

"முந்தின நாளா?" என்று கையைக் காதில் வைத்துக் கேட்டார். இந்தத் தடவை அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை போல.

"ஒரு வாரம் முன்னாடியே கொண்டாந்துடுங்க" என்றேன்.